நீலத் திரையின் ஓரம்

ஜாபர் பாய் லாரி கேபினுக்குள் ஏறிப் போய்ப் பத்து நிமிஷம் ஆகியும், சீட்டுக்குப் பின்னால் படுக்கையை மறைக்கிற பழைய ஸ்கிரீன் இறங்கவில்லை. கொக்கியை நெம்பினால் கழன்று கையோடு வந்துவிடும் சாமான், அதற்கு இத்தனை நேரமா என்று சென்னியப்பன் கழுத்தை நீட்டிப் பார்த்தான். நாமக்கல் பரமத்தி ரோட்டில் லாரிகளுக்கு சீட்டும் மெத்தையும் திரையும் தைத்துக் கொடுக்கிற தகரக் கொட்டகை அது. யாருடைய வண்டியிலிருந்தோ பிடுங்கிப் போட்ட பழைய டிரைவர் சீட்டை இழுத்துப் போட்டு அவனை அதில் உட்கார வைத்திருந்தார் ஜாபர். இருபத்திரண்டு வருஷமாக டிரைவர் சீட்டிலேயே தேய்ந்த மனுஷன், முன்னால் ஸ்டியரிங் இல்லாததால் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் தொடைகளுக்கு நடுவே செருகிக்கொண்டிருந்தான். வெயில் தகரத்தை அடித்துக்கொண்டிருந்தது. எதிரே அவன் லாரி ரெண்டு கதவையும் அகலத் திறந்துகொண்டு நின்றது. "அண்ணே, தலைமாட்டு ஓரத்துல கட்டுக்கம்பி போட்டு முறுக்கி வெச்சிருக்குதே, யாரு வேலைங்க இது?" என்று உள்ளேயிருந்து கேட்டார் ஜாபர். நாந்தான் பாய், என்றான். "கொக்கி என்னாச்சு?" அந்துபோச்சு. "அஞ்சும் ஒரே எடத்துலயா?" அவன் ரோட்டில் போகிற வண்டிகளைப் பார்த்தான். ஜாபர் இடுக்கியால் கம்பியை வெட்டிவிட்டுத் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கி வந்தார், மேஜையில் விரித்தார், மூக்குக்கண்ணாடியை இறக்கினார். "இது நாள்பட்டு நைஞ்சது இல்லீங்க. நாள்பட்டா நடுவுலதான் தொவளும். இது ஒரே இழுவைல போயிருக்குது, அதுவும் உள்ள இருந்து. பாருங்க, தையல் உள்பக்கமா வாயப் பொளந்திருக்குது. யாரோ புடிச்சுத் தொங்கியிருக்கறாங்க." சொல்லிவிட்டு அவர் பாட்டுக்கு டீ கிளாஸைத் தேடப் போய்விட்டார்.

புடிச்சுத் தொங்கியிருக்கறாங்க. ஜாபருக்கு அது துணியைப் பற்றிய பேச்சு, அவ்வளவுதான். மூணு மாசமாக யாரும் அந்த ஓரத்தைப் பார்த்ததில்லை. முதலாளி பார்க்கவில்லை, அன்றைக்கு வந்து எழுதிக்கொண்டு போன போலீஸ்காரர் பார்க்கவில்லை, வண்டியைக் கழுவியவர்கள் பார்க்கவில்லை. கம்பியை முறுக்கிய கையே அவனுடையதுதான், ஆனாலும் முறுக்கினதற்குப் பிறகு அந்தப் பக்கம் தலையைத் திருப்பாமல் வண்டி ஏறவும் இறங்கவும் பழகியிருந்தான். முதலாளி போன வாரம் கூப்பிட்டு, திங்கக்கிழமை புது ஆள் ரெண்டாவது டிரைவரா வர்றான், அதுக்குள்ள அந்தப் பழைய ஸ்கிரீனை மாத்திரு, செத்தவன் படுத்த துணிக்குப் பின்னால எவனும் படுக்க மாட்டான், வெயில் புகாத கெட்டித் துணியாப் போடு என்றார். நியாயமான பேச்சு. எங்கேயாவது தெரியாத ஊரில் ஒரு கடையில் போட்டுவிட்டு வந்திருந்தால் பழசு எந்தக் குப்பைக்காவது போயிருக்கும். ஊருக்குள் போடலாம் என்று வந்ததும், வந்ததை அவன் வீட்டுக்காரி யாரிடமோ சொன்னதும், அது சுற்றிச் சுற்றி வசந்தாமணி காதுக்குப் போனதும்தான் வினை. காலையில் போன் வந்தது. "அண்ணா, புதுசு போடறீங்களாம். பழசைத் தூக்கி வீசீராதீங்க. அவரு கடைசியாத் தூங்குன துணி, எனக்கு வேணுமுங்க. பன்னெண்டரை பஸ்ஸுக்கு நானே வந்து வாங்கிக்கறேன்." வசந்தாமணி, செத்துப்போன ரெண்டாவது டிரைவர் அய்யாவுவின் பெண்டாட்டி. திருச்செங்கோட்டில் ஒரு கார்மெண்ட்ஸ் கம்பெனியில் பன்னிரண்டு வருஷமாக ஓரம் அடிக்கிறவள். ஜாபர் ஒரு பார்வையில் படித்ததை அவள் அரைப் பார்வையில் படித்துவிடுவாள். சென்னியப்பன் மணியைப் பார்த்தான். பதினொன்றே கால்.

ஒரு மணி நேரத்துக்கு மேலே இருக்கிறது. ஒரு மணி நேரத்தில் என்னென்னவோ செய்யலாம். துணியைச் சுருட்டிக் கொளுத்திவிட்டு எலி கடித்துவிட்டது என்று சொல்லலாம். இதே நீலத்தில் வேறு துணி ஜாபரிடம் இல்லாமலா போகும், அதை எடுத்து மண்ணில் ரெண்டு புரட்டுப் புரட்டிக் கொடுக்கலாம். ஆனால் வாசனை? அய்யாவு தலைக்கு வைக்கிற எண்ணெய், அவன் நெற்றியில் தேய்க்கிற தைலம், ரெண்டும் கலந்த ஒரு வாசனை இப்போதுகூட மேஜையிலிருந்து வருகிறது, மூணு மாசம் கழித்தும் வருகிறது, சனியன் போகவே மாட்டேன் என்கிறது. சனியன் என்று நினைத்ததும் அவனுக்கே வெட்கமாக இருந்தது. மாப்ள, உன்னைச் சொல்லலடா. பதினோரு வருஷம் ஒரே கேபினில் ஒன்றாகக் கிடந்தவர்கள். கட்டினவளோடு இருந்த நாளைவிட இவனோடு இருந்த நாள் அதிகம், கணக்குப் போட்டால் வீட்டுக்காரி சண்டைக்கு வருவாள். பதினோரு வருஷத்தில் ஒருத்தன் முகத்தை ஒருத்தன் நேராகப் பார்த்துப் பேசினது கொஞ்சம்தான். ஒருத்தன் ரோட்டைப் பார்ப்பான், ஒருத்தன் திரைக்குப் பின்னால் தூங்குவான். திரைக்கு இந்தப் பக்கம் வேலை, அந்தப் பக்கம் வீடு. அப்படித்தான் வைத்திருந்தார்கள். அந்தச் சட்டத்தைப் போட்டவன் அய்யாவுதான். யாருக்காகப் போட்டான்? சென்னியப்பனுக்காகப் போட்டான். முதல் வருஷம், கௌஹாத்திக்குப் போகிற வழியில், வீட்டில் குழந்தை பிறந்து அரை நாளில் போய்விட்டது என்று போன் வந்தது. திரும்பி வர ஆறு நாள் ஆகும். பார்த்து என்ன ஆகப்போகிறது, சரக்கை இறக்கிவிட்டு வா என்று பெரியவர்களே சொல்லிவிட்டார்கள். இவன் திரையை இழுத்து மூடிக்கொண்டு, தலையணையைக் கடித்துக்கொண்டு அழுதான். டீ கொடுக்கலாம் என்று அய்யாவு திரையை விலக்கினவன் பார்த்துவிட்டான். பார்த்துவிட்டு சத்தமில்லாமல் மூடினான். டீ ஆறிப்போய் டேஷ்போர்டிலேயே இருந்தது. அடுத்த நாள் டயருக்குக் காற்றுப் பிடிக்கிற இடத்தில் வேறு எங்கோ பார்த்துக்கொண்டு, "மாப்ள, இனிமே ஸ்கிரீன் மூடியிருந்தா நான் தொறக்க மாட்டேன். நீயும் தொறக்காத. ஒருத்தனுக்கு அழுகறதுக்காவது ஒரு எடம் வேணும்ல" என்றான். அதற்குப் பிறகு திறக்கவில்லை, ரெண்டு பேரும். ஒரு தடவைகூடத் திறக்கவில்லை.

திறக்காமல் பேசுவதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார்கள். இன்ஜின் சத்தத்தில் கத்தினாலும் கேட்காது. அதனால் சீட்டுக்குப் பின்னால் இருக்கிற பலகையில் உள்ளேயிருந்து தட்டுவது. ஒரு தட்டு என்றால் ஓரங்கட்டு, ஒண்ணுக்குப் போகணும். ரெண்டு தட்டு என்றால் முழித்துவிட்டேன், டீக்கு நிறுத்து. மூணு தட்டு என்றால் மெதுவாகப் போ, தூக்கித் தூக்கிப் போடுகிறது, தூங்க முடியவில்லை. கட்டின பெண்டாட்டிகளுக்குக்கூட இவ்வளவு சுருக்கமாகப் புரிந்ததில்லை என்று டீக்கடைகளில் சொல்லிச் சிரித்திருக்கிறார்கள். அன்றைக்கு சேலத்து ஜவ்வரிசி மூட்டை, நாக்பூருக்கு. ராத்திரி முழுக்க அய்யாவு ஓட்டிவிட்டு விடிகிற நேரம் இறங்கி, தோளைப் பிடித்துவிட்டுக்கொண்டான். என்ன மாப்ள? "ஒண்ணுமில்ல, கியர் போட்டுப் போட்டுப் புடிச்சுக்கிச்சு." படுத்தான், திரையை இழுத்தான், ஓரத்தை மெத்தைக்கு அடியில் செருகினான், வெயில் வந்துவிடுமே. அப்போதே கேட்டிருக்கலாம். எந்தத் தோள் என்று கேட்டிருக்கலாம். இடது தோளா வலது தோளா, அதுகூட இப்போது ஞாபகம் வரமாட்டேன் என்கிறது. ஒரு நாள் இடது என்று தோன்றும், ஒரு நாள் வலது. ஒன்பது மணி இருக்கும். டொக், டொக், டொக். சரி மாப்ள என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டு அறுபதில் போன வண்டியை நாற்பதுக்கு இறக்கினான். பாட்டை நிறுத்தினான். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் மூணு, இந்த முறை மெல்ல. அட, இன்னும் தூக்கம் வரவில்லையா, பாவம், ராத்திரியெல்லாம் கண் முழித்தவன். நாற்பதை முப்பதாக்கினான். ஒவ்வொரு வேகத்தடையிலும் தொட்டிலை எடுத்து வைக்கிற மாதிரி வண்டியை ஏற்றி இறக்கினான். பின்னால் வந்தவர்கள் ஹாரன் அடித்துத் திட்டிவிட்டு ஏறிப் போனார்கள், போகட்டும் என்றான். பிறகு தட்டவில்லை. தூங்கிட்டான் என்று சென்னியப்பனுக்கு ஒரு திருப்தி. திருப்தி! அந்தச் சொல்லை நினைக்கும்போதெல்லாம் அவனுக்குத் தன் வாயிலேயே ஒன்று போட்டுக்கொள்ளத் தோன்றும்.

மெதுவாகப் போனதில் ஒரு கொடுமை, எல்லாம் நன்றாகத் தெரிந்தது. வேகமாகப் போயிருந்தால் ரோட்டோரம் கோடாகத்தானே ஓடியிருக்கும், ஒன்றும் மனசில் நின்றிருக்காது. பருத்திக் காடு தெரிந்தது. காட்டில் ஒரு மாடு தெரிந்தது. ஒரு பெரிய ஆஸ்பத்திரி தெரிந்தது, மூணு மாடி, வாசலில் சிவப்பு ஆம்புலன்ஸ் வண்டி. போர்டில் இருந்த எழுத்து அவனுக்குப் படிக்கத் தெரியாது, ஆனால் சிவப்புக் கூட்டல் குறியைப் படிக்க எந்தப் பள்ளிக்கூடமும் வேண்டாம். கேட்டில் காவல்காரர் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து ஆரஞ்சுப் பழம் உரித்துக்கொண்டிருந்தார். தோலை ஒரே சுருளாக உரித்தார், முழங்கால் வரைக்கும் தொங்கியது. அதைக்கூடப் பார்த்திருக்கிறான். அவர் நிமிர்ந்து இவனைப் பார்த்தார், இவன் சும்மா கையைத் தூக்கினான், அவரும் தூக்கினார். அந்தக் கையைத் தூக்கின நேரத்துக்குத் திரையை விலக்கியிருக்கலாம். முதுகுக்குப் பின்னால் ஒரு முழம். ஒரு முழம்கூட இல்லை. பன்னிரண்டு மணிக்கு ஒரு தாபாவில் நிறுத்தி, பலகையில் இவன் ரெண்டு தட்டுத் தட்டினான், சாப்பிட வா என்று. பதில் இல்லை. சரி தூங்கட்டும் என்று இறங்கிப் போய் ரொட்டி தின்றான். தின்றான், நாலு ரொட்டி, பருப்பு ஊற்றி. திரும்பி வந்து தட்டி, மறுபடி தட்டி, பேர் சொல்லிக் கூப்பிட்டு, பதினோரு வருஷத்தில் முதல் தடவையாகத் திரையைத் திறக்கப் போனால் அது திறக்கவில்லை. உள்ளேயிருந்து யாரோ பிடித்துக்கொண்டிருந்தார்கள். விரல் விரலாகப் பிரித்துத்தான் துணியை எடுக்க வேண்டியிருந்தது.

தூக்கத்துலயே போயிட்டான் என்று அவன் யாரிடம் முதலில் சொன்னான்? முதலாளியிடம், போனில். என்னமோ வாயில் வந்தது. அதற்குப் பிறகு அதுவே நடந்ததாகிவிட்டது. இழவு வீட்டில், குடுத்து வெச்ச சாவு, யாருக்குக் கிடைக்கும் இப்படி என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். அவன் சுவரைப் பார்த்துக்கொண்டு தலையாட்டினான். வசந்தாமணி மூணு தடவை கேட்டாள். காட்டுக்குத் தூக்கிக்கொண்டு போன அன்றைக்கு, கருமாதி அன்றைக்கு, அப்புறம் ஒரு நாள் போனில். மூணு தடவையும் அதே வார்த்தை: "தூக்கத்துலயேதானுங்களாண்ணா?" ஆமா தங்கச்சி, ஒரு சத்தமில்ல. பாவம், அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் உயிரை வைத்திருக்கிறாள், அதையும் நாம் எதற்குப் பிடுங்க வேண்டும்? உண்மையைச் சொன்னால் யாருக்கு லாபம்? என் நெஞ்சுப் பாரம் இறங்கும், அவளுக்கு ஏறும். அதைத்தான் அவன் திருப்பித் திருப்பித் தனக்குச் சொல்லிக்கொண்டான். அவளுக்காகத்தான், அவளுக்காகத்தான். சில சமயம் ரோட்டில் தனியாக ஓட்டும்போது, நிஜமாகவே அவளுக்காகத்தானா என்று ஒரு கேள்வி வரும், உடனே பாட்டைச் சத்தமாக வைத்துவிடுவான். "பாய்" என்று எழுந்தான். "அந்தப் பிஞ்ச ஓரத்தை மட்டும் வெட்டிட்டு, மடிச்சு அடிச்சுக் குடுத்துருங்க. தெரியாத மாதிரி." ஜாபர் அவனை ஒரு தடவை பார்த்தார், பழைய துணிக்கு எதுக்குங்க இந்த மெனக்கேடு என்றார், ஆனாலும் கத்தரியை எடுத்தார். கத்தரி நீலத்துக்குள் கரக் கரக் என்று போனது. நாலு விரல் அகலத்துக்கு, மேலிருந்து கீழே வரைக்கும் ஒரு துண்டு தரையில் விழுந்தது. ஜாபர் அதைக் காலால் ஒதுக்கி, கழிவுத் துணி மூட்டைக்குள் திணித்தார். மெஷின் ஓடியது. முடிந்தபோது பார்த்தால் பிறந்ததே இப்படித்தான் என்பது போல நேராக, அழகாக இருந்தது ஓரம். சென்னியப்பனுக்கு மூச்சு வந்தது.

பிறகு புதுத் திரை ஏறியது. கறுப்புத் துணி, பின்னால் ரப்பர் மாதிரி ஒரு பூச்சு, மூடினால் நட்டநடு மத்தியானமும் உள்ளே இருட்டு. "ஏறி சீட்ல உக்காருங்கண்ணே, துணி தலைல இடிக்குதான்னு பாத்துடலாம்" என்று ஜாபர் உள்ளேயிருந்து கூப்பிட்டார். ஏறி உட்கார்ந்தான். கை தானாக ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டது, அப்பாடா என்றிருந்தது கைக்கு. முதுகுக்குப் பின்னால் துணி சரசரவென்று மூடிக்கொண்டது. வெளியே பரமத்தி ரோட்டில் ஒரு டவுன் பஸ் போனது. திங்கக்கிழமை வருகிறவனுக்கு இந்தத் தட்டு பாஷையெல்லாம் சொல்லிக் கொடுக்க வேண்டாம், பேர் சொல்லிக் கத்தச் சொல்ல வேண்டும், கேட்கிற வரைக்கும் கத்தடா என்று சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தான். டொக், டொக், டொக். பலகை. முதுகுத்தண்டு வழியாக அது ஏறினது. கை ஸ்டியரிங்கை விட்டது எப்போது, உடம்பு திரும்பினது எப்போது, ஒன்றும் தெரியவில்லை. துணியை ரெண்டு கையாலும் பிடித்து ஒரே இழுப்பு, கொக்கிகள் படபடவென்று தெறித்தன, "மாப்ள" என்று ஒரு சத்தம், அது அவனுடையதுதான். உள்ளே ஜாபர் வாயில் நாலு ஆணியைக் கவ்விக்கொண்டு, கையில் சுத்தியலோடு, குந்தி உட்கார்ந்து அவனையே பார்த்தார். ஆணிகளை ஒவ்வொன்றாக உள்ளங்கையில் துப்பிவிட்டு, "ஆணி எறங்குதான்னு தட்டிப் பாத்தனுங்க" என்றார் மெதுவாக. சென்னியப்பன் தன் கையைப் பார்த்தான். ஒரு நொடி. ஒரு நொடிகூட ஆகவில்லை இந்தக் கைக்கு. இவ்வளவு சுளுவான வேலை. அன்றைக்கு இது எங்கே போயிருந்தது? ஆரஞ்சு உரிக்கிறவருக்கு டாட்டா காட்டிக்கொண்டிருந்தது. அவனுக்கு அழுகை வந்தது. திரையோ கிழிந்து கிடந்தது, மூடிக்கொண்டு அழ ஓர் இடமும் இல்லை. முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பினால் கொட்டகை வாசலில், சோற்றுப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, வசந்தாமணி நின்றிருந்தாள்.

எவ்வளவு நேரமாக நின்றாள் என்று தெரியவில்லை. இளைத்திருந்தாள். வந்துட்டேனுங்கண்ணா என்றும் இல்லை, சௌக்கியமா என்றும் இல்லை, நேராக மேஜைக்குப் போய் மடித்து வைத்திருந்த நீலத் துணியைப் பிரித்தாள். முகத்தில் வைத்து முகரப் போகிறாள் என்று அவன் தலையைக் குனிந்துகொண்டான். அவள் முகரவில்லை. விரல் நுனியை ஓரத்தில் வைத்து ஒரு முனையிலிருந்து இன்னொரு முனை வரைக்கும் ஓட்டினாள்.

"இது இன்னிக்கு அடிச்ச தையல்" என்றாள்.

"ஓரம் நைஞ்சு கெடந்துச்சு தங்கச்சி. உனக்குக் குடுக்கறோமேன்னு, பாய்கிட்டச் சொல்லி..."

"தூக்கத்துலயேதானுங்களாண்ணா?"

நாலாவது தடவை. 'ஆமா தங்கச்சி' நாக்கில் தயாராக இருந்தது, பழகின பாதைதான். அவன் வாயைத் திறப்பதற்குள் அவளே பேசினாள், சத்தத்தை உயர்த்தாமல், துணியை மடித்துக்கொண்டே. "அன்னிக்குக் குளிப்பாட்டறப்ப கையக் கழுவி உட்டது நானுங்க. நகத்துக்குள்ள நீல நூலு இருந்துச்சு. நாலு வெரல்லயும். பன்னெண்டு வருசமா ஓரம் அடிக்கறவ நான். உதுந்த நூலுக்கும் பிச்ச நூலுக்கும் வித்தியாசம் தெரியாதுங்களா எனக்கு? யாருகிட்டயும் சொல்லலீங்க. நீங்களா சொல்லுவீங்க, சொல்லுவீங்கன்னு கேட்டுட்டே இருந்தேன்."

கொட்டகைக்குள் ஜாபர் ஏதோ எடுப்பது போல அந்தப் பக்கம் நகர்ந்துபோனார். சென்னியப்பன் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டான். "தட்டுனான் தங்கச்சி" என்றான். "மூணு தட்டு. கொஞ்ச நேரம் கழிச்சு மறுபடியும் மூணு. மூணுன்னா எங்களுக்கு மெதுவாப் போன்னு அர்த்தம். தூங்கறதுக்குக் கேக்கறான்னு நெனச்சுட்டேன். மெதுவாப் போனேன். ரொம்ப மெதுவாப் போனேன். வழியில ஆஸ்பத்திரி இருந்துச்சு, அதைக்கூட மெதுவாத்தான் தாண்டிப் போனேன். தொறந்து பாக்கல. தொறக்கவே இல்ல."

அவள் திட்டுவாள் என்று நின்றான். மண்ணை வாரித் தூற்றினாலும் நின்று வாங்கிக்கொள்ளலாம் என்றிருந்தது. அவள் அவனைப் பார்க்கவில்லை. லாரியின் கேபினைப் பார்த்தாள்.

"வெட்டுன துண்டு எங்கீங்க?" என்றாள்.

அவன் ஓடிப்போய் மூட்டையைக் கவிழ்த்தான். ரெக்சின் துண்டும் பஞ்சும் நூல் சுருளும் கொட்டகை முழுக்கப் பரவின. அதில் எத்தனை நீலம்! ஊரில் ஓடுகிற லாரிகளெல்லாம் நீலத்திலேயே திரை போட்டுக்கொண்ட மாதிரி வகைவகையாக நீலம். மண்டி போட்டு ஒவ்வொன்றாக எடுத்து மூக்கில் வைத்துப் பார்த்தான், வீசினான், அடுத்ததை எடுத்தான். ஜாபரும் வந்து உட்கார்ந்து தேடினார். கடைசியில் எண்ணெயும் தைலமும் கலந்த வாசனையோடு அது கையில் வந்தது. நாலு விரல் அகலம், ரெண்டு முழ நீளம், ஓரத்தில் வரிசையாக அஞ்சு கிழிசல்.

வசந்தாமணி வாங்கினாள். "எந்த எடத்துலங்க புடிச்சிருந்தாரு?" என்று கேட்டாள். அவன் விரலை நீட்டிக் காட்டினான். அந்த இடத்தில் துணி கசங்கின கசங்கல் இன்னும் நிமிரவில்லை. அவள் அங்கே தன் கையை வைத்து, நாலு விரலையும் மடக்கி, இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். பிடித்தபடியே ரொம்ப நேரம் நின்றாள். பிறகு அதைச் சுருட்டி, சோற்றுப் பைக்குள் டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"வர்றேனுங்க" என்றாள். அண்ணா என்று சொல்லவில்லை. வெயிலில் இறங்கி பஸ் நிற்கிற பக்கமாக நடந்தாள். அழகாக ஓரம் அடித்த பெரிய துணி மேஜைமேல் அப்படியே கிடந்தது.